வேர்க்குருவை அசட்டை செய்யாதீர்

உடல்நலப் பாடம்



கடைத்தெருவில் பிழைப்பவர்களுக்கு வேர்க்குருவைப் பற்றி ஒரு பாடமா என்று சிலர் நகைக்கக்கூடும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாச் சாலையில் துணி விற்பவருக்கும், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்துபவருக்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மளிகை வைத்திருப்பவருக்கும் வேர்க்குரு பழகிப்போன விருந்தாளி. வரும், சொறியும், போகும்; அவ்வளவுதானே என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கடையில் ரொட்டி போடும் தம்பி ஒருவர், முதுகெல்லாம் வேர்க்குருவாக இருக்கிறது, இரவில் தூக்கமே இல்லை என்று என்னிடம் சொன்னார். ஒரு பவுடர் டப்பாவை வாங்கிக் கொடுத்தேன். கடமை தீர்ந்தது என்று எண்ணினேன். பத்து நாள் சென்றிருக்கும். பகல் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கையில் அவர் ரொட்டிக் கல்லுக்கு அருகிலேயே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். அல்லாஹ்வின் அருளால் உயிருக்கு ஆபத்தில்லை. மருத்துவர் அவர் சட்டையைக் கழற்றி முதுகையும் மார்பையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் இரவில் எங்கே படுக்கிறார்?" என்று கேட்டார்.

முதுகில் வந்த நோய்க்கும் படுக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அதை விளங்கிக்கொண்டால் வேர்க்குருவின் முழுப் பாடமும் விளங்கிவிடும். ஆகவே முதலிலிருந்து பார்ப்போம்.

வேர்வையின் வேலை

நம் உடலின் உட்சூடு ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெயிலில் நின்றாலும், அடுப்படியில் நின்றாலும், மூட்டை தூக்கினாலும் இந்த அளவு அதிகம் ஏறாதபடி காக்க வல்ல நாயன் நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகளை அமைத்திருக்கிறான். ஒவ்வொரு சுரப்பியிலிருந்தும் ஒரு நுண்ணிய குழாய் தோலின் மேற்புறம் வரை வருகிறது. அதன் வழியே வரும் நீர் காற்றில் ஆவியாகப் போகும்போது உடலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலைக் குளிர்விப்பது ஆவியாகும் வேர்வைதான். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வேர்வையாலும், சட்டையில் ஊறி நிற்கும் வேர்வையாலும் பயன் மிகக் குறைவு.

மதுரையிலும் திருச்சியிலும் கோடையில் வெயில் 38, 40 டிகிரி என்று ஏறும். ஆனாலும் கொடியில் போட்ட துண்டு அரை மணியில் காய்ந்துவிடும். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 32, 33 டிகிரிதான். ஆனால் காற்றில் ஈரம் மிகுதி. அறைக்குள் போட்ட துண்டு மறுநாளும் ஈரமாகவே இருக்கிறது. துண்டு காயாத இடத்தில் தோல் மட்டும் எப்படிக் காயும்? ஊரில் அவ்வளவு வெயிலைத் தாங்கிய பிள்ளை இங்கு வந்த சில மாதங்களில் உடலெல்லாம் வேர்க்குரு என்று வருந்துவதற்கு இதுவே காரணம்.

வேர்க்குரு எப்படி உண்டாகிறது?

தோல் நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் அதன் மேற்படலம் ஊறிப் பருத்து, வேர்வைக் குழாயின் வாயை அடைக்கிறது. உள்ளே சுரக்கும் வேர்வை வெளிவர வழியின்றிக் குழாயை உடைத்துக்கொண்டு தோலுக்குள்ளேயே கசிகிறது. அந்த இடம் சிவந்து, சிறு குருவாகி, ஊசி குத்துவது போல் சுருக்கென்று குத்துகிறது. வேர்க்குரு என்பது இதுதான். மலாய்க்காரர்கள் இதனை ‘ருவாம் பானாஸ்’ என்பர்.

1947ஆம் ஆண்டில் ஓப்ரையன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இவ்வாறு குழாய் அடைபடுவதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அடைப்பு மிகுந்தவர்களின் உடல் வேர்க்கும் சக்தியையே இழந்து, அதனால் தளர்ச்சி உண்டாகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் 1978இல் ஹோல்ஸ்லே, கிளிக்மன் என்னும் இரு தோல் நிபுணர்கள், நம் தோலில் எப்போதும் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டினார்கள். ஈரத்தில் பெருகும் ஒருவகை நுண்ணுயிர் பசை போன்ற பொருளைச் சுரந்து குழாயை அடைக்கிறது என்பதை 1995இல் வெளியான ஆராய்ச்சி மேலும் தெளிவாக்கியது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? துரியான் தின்றதாலோ மாம்பழம் தின்றதாலோ ‘உள்சூடு’ கிளம்பி வேர்க்குரு வருவதில்லை. காரமும் கொதிக்கும் பானமும் வேர்வையைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் நோய்க்கு மூலம் காயாத தோலே. தோல் காய வழி செய்தால் நோய் நீங்கும். வழி செய்யாமல் என்ன பூசினாலும் திரும்பத் திரும்ப வரும்.

நான்கு வகைகள்

ஒன்று, கண்ணாடி வேர்க்குரு. பனித்துளி போன்ற மிகச் சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றும். சிவப்பும் அரிப்பும் இரா. குழந்தைகளுக்கும், காய்ச்சலில் வேர்த்துக் கிடப்பவர்களுக்கும் வரும். தொட்டாலே உடைந்து, ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு, சிவப்பு வேர்க்குரு. நாம் எல்லாரும் அறிந்தது. கழுத்து, முதுகு, மார்பு, இடுப்பில் கைலியோ பெல்ட்டோ இறுக்கும் இடம், அக்குள், முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கூட்டமாக வரும். வேர்க்கும்போது குத்தும், குளிர்ந்த இடத்தில் அமர்ந்தால் தணியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வராது.

மூன்று, சீழ் வேர்க்குரு. சிவப்புக் குருக்களின் முனையில் வெண்மஞ்சளாகச் சீழ் தெரியும். சொறிந்து சொறிந்து நகத்தின் அழுக்குப் பட்டால் கிருமி புகுந்து கட்டியாகவும் மாறலாம்.

நான்கு, ஆழ வேர்க்குரு. இதுவே நாம் பயப்பட வேண்டியது. சிவப்பு வேர்க்குரு மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்குக் குழாய் இன்னும் ஆழத்தில் அடைபடுகிறது. தோல் நிறத்திலேயே கெட்டியான சிறு மேடுகள் தோன்றும். சிவப்பு இல்லை, அரிப்பும் பெரும்பாலும் இல்லை. அதனால் ‘குணமாகிவிட்டது’ என்று ஏமாந்துபோவோம். ஆனால் முதுகும் மார்பும் வேர்க்காமல் வறண்டிருக்க, முகத்திலும் நெற்றியிலும் மட்டும் வேர்வை ஆறாகப் பெருகும். உடலின் சூடு வெளியேறும் வழிகளில் பெரும்பகுதி மூடிவிட்டது என்பதே அதன் பொருள். அத்தகையவர் அடுப்படியில் நின்றால் தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, மிகுந்த களைப்பு எல்லாம் விரைவில் வரும்.

எங்கள் கடைத் தம்பிக்கு நேர்ந்ததும் இதுதான். அரிப்பு நின்றுவிட்டது என்று அவரே சொன்னார்; நானும் மகிழ்ந்தேன்.

1980ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சியாளர் பாண்டால்ஃபும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். வேர்க்குரு கண்ணுக்கு மறைந்த பின்னும், வெப்பத்தைத் தாங்கும் சக்தி மூன்று வாரம் வரையில் குறைந்தே இருக்கக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். அடைபட்ட தோல் உதிர்ந்து புதுத் தோல் மேலே வர அவ்வளவு நாள் பிடிக்கிறது. எனவே குரு மறைந்த மறுநாளே ஆளைப் பழையபடி அடுப்படியில் நிறுத்துவது தவறு.

வேறு நோயோடு மயங்காதீர்

வேர்க்குரு என்று நினைத்து வேறு நோயை வளரவிடுவதும் உண்டு. கீழ்க்கண்ட அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படர்தாமரை: வட்டமாகப் படரும். ஓரம் சிவந்து தடித்திருக்கும். நடுவில் தெளிந்து காணப்படும். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் அதிகம். குளிர்ந்த அறையில் இருந்தாலும் மாறாது.

சொறி சிரங்கு: இரவில் அரிப்பு மிகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம், ஆண்குறி ஆகியவற்றில் வரும். ஒரே அறையில் படுப்பவர் இருவர் மூவருக்கு அரிப்பிருந்தால் இதனைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும்.

ஒவ்வாமைத் தடிப்பு: திட்டுத் திட்டாகத் தடித்து, சில மணி நேரத்தில் ஓரிடம் மறைந்து வேறிடம் தோன்றும். உதடு, முகம் வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சின்னம்மை, மணல்வாரி: காய்ச்சலோடு வருவன. சின்னம்மையில் நீர்க்கொப்புளங்கள் நாளுக்கு நாள் புதிதாகத் தோன்றும். மணல்வாரியில் இருமலும் கண் சிவப்பும் முன்னே வந்து, பிறகு முகத்திலிருந்து குரு இறங்கும்.

டெங்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் இதனை ஒருநாளும் மறக்கலாகாது. கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னே வலி, மூட்டு வலி ஆகியவற்றோடு தோலில் சிவப்புத் தெரிந்தால் அது வேர்க்குரு அல்ல. அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

சுருங்கச் சொன்னால், வேர்க்குரு காய்ச்சலைக் கொண்டுவராது. குருவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முதல் மருந்து குளிர்ச்சி. வேர்க்குரு மிகுந்தவரை அடுப்படியிலிருந்தும் வெயிலிலிருந்தும் அகற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கச் செய்யுங்கள். ஏர்கண்டிஷன் இருந்தால் நன்று. இல்லையேல் விசிறிக் காற்று நேரே தோலில் பட்டால் போதும். ஒவ்வோர் இரவும் ஏழெட்டு மணி நேரம் தோல் வேர்க்காமல் காய்ந்திருந்தால், பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே சிவப்பு அடங்கிவிடும்.

பகலில் இரண்டு மூன்று முறை வெறும் குளிர்ந்த நீரில் குளிக்கலாம். சோப்பு ஒரு முறை போதும். கரகரவென்று தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, விசிறியின் முன் நின்று நன்றாக உலர்ந்த பிறகே சட்டை அணிய வேண்டும். ஈர உடலில் சட்டையை மாட்டுவது நோயை அழைத்து வருவதாகும். கடையில் குளிக்க வசதி இல்லாதவர்கள் துண்டை நனைத்துப் பிழிந்து, அரிக்கும் இடத்தில் பத்து இருபது நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

ஆடை பருத்தியாக, தளர்ச்சியாக இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் உள்ளாடைகள் வேண்டாம். சமையற்கட்டில் நிற்பவர் ஒரு நாளைக்கு இரண்டு பனியனும் இரண்டு சட்டையும் வைத்துக்கொண்டு, நனைந்தவுடன் மாற்றிக்கொள்வது பெரிய மருந்துக்குச் சமம். பிளாஸ்டிக் மேலங்கியை வேலை முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள். நம் பெண்மக்கள் முக்காட்டுக்கு உள்ளே அணியும் இறுக்கமான தொப்பித் துணியும் பருத்தியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி, நெற்றியும் காதோரமும் கழுத்தும் காற்றுப்பட விடவேண்டும்.

நீர் தாராளமாக, சிறிது சிறிதாக நாள் முழுவதும் அருந்துங்கள். சிறுநீர் வெளிர்நிறமாகப் போனால் நீர் போதும்; அடர்மஞ்சளாகப் போனால் போதவில்லை. தாகத்துக்குத் தே தாரேக் ஈடாகாது. அதில் சர்க்கரை மிகுதி. இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

அரிப்புக்குக் கலமைன் லோஷனை மெல்லிதாகத் தடவலாம். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பானால் மருந்தாளர் அரிப்பு மாத்திரை தருவார். ஆனால் அவற்றில் சில மயக்கம் தருவன. அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுவதும், கத்தி பிடிப்பதும், கொதிக்கும் எண்ணெயருகே நிற்பதும் கூடாது.

பவுடரும் களிம்பும்

1947ஆம் ஆண்டு முதல் செய்யப்படும் பாம்பு மார்க் பவுடரும், ஊரிலிருந்து வரும் நைசில் பவுடரும் நம் வீடுகளில் இல்லாத நாளில்லை. உலர்ந்த தோலில் மெல்லிதாகத் தூவினால் குளிர்ச்சி தெரியும், சுகமாகவும் இருக்கும். அதில் குற்றமில்லை. வேர்த்த உடலில் அள்ளிப் பூசினால் அது மாவுபோல் குழைந்து மடிப்புகளில் தங்கிவிடும். இன்னொன்று, குளிர்ச்சி தெரிவது வேறு, உடல் குளிர்வது வேறு. பவுடர் தரும் சில்லிப்பை நம்பி மீண்டும் அடுப்படிக்குப் போவதால்தான் கேடு விளைகிறது.

நம் பெரியோர் நுங்கின் நீரையும் சந்தனத்தையும் பூசினார்கள். குளிர்ந்த நீர்ப் பொருள் எதுவும் சற்று நேரம் இதமளிக்கும். ஆனால் புண்ணான தோலில் பூசாதீர்கள். எரிச்சல் கண்டால் உடனே கழுவிவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் கெட்டியான களிம்புகளும் வேர்க்குருவுக்கு ஆகா. அவை ஏற்கெனவே அடைபட்ட வாயை இன்னும் அடைக்கும்.

பெயர் தெரியாத ‘எல்லா அரிப்புக்கும் ஒரே களிம்பு’ பற்றிக் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்து நண்பர்களுக்குப் பங்கிடும் களிம்புகளில் பல, கடுமையான ஸ்டீராய்டு கலந்தவை. முதல் இரண்டு நாள் மந்திரம் போட்டதுபோல் அரிப்பு நிற்கும். படர்தாமரையாக இருந்தால் அது உள்ளூர வளர்ந்து, உருமாறி, பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாதபடி பரவும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளக்கும். இந்திய அரசே 2018ஆம் ஆண்டில், இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. ஆகவே பெட்டியில் இடமிருந்தால் கருவாடோ அல்வாவோ கொண்டுவாருங்கள், களிம்பைக் கொண்டுவராதீர்கள்.

குழந்தைகளும் நோயாளிகளும்

பச்சிளங் குழந்தையின் வேர்வைக் குழாய்கள் முற்றும் வளர்ந்திருக்கமாட்டா. அதனால் வேர்க்குரு எளிதில் வரும். ‘குளிர் பிடிக்கும்’ என்று இந்நாட்டு வெக்கையிலும் தொப்பி, காலுறை, கம்பளி என்று சுற்றிவைப்பதை விட்டு, ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு விடுங்கள். பவுடரைக் குழந்தையின் முகத்தருகே கொட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும். கற்பூரமோ மென்தாலோ கலந்த எதையும் குழந்தைக்குப் பூச வேண்டாம்.

இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ‘ஜி6பிடி’ குறை உண்டா என்று பரிசோதிக்கிறார்கள். அக்குறையுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் ஆவியே இரத்தத்தைச் சிதைக்கும். துணிக்கடைக்காரர்களாகிய நாம், அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைத் துவைக்காமல் குழந்தைக்கு உடுத்தக் கூடாது.

நீரிழிவுள்ளவர்கள், நம் வியாபாரிகளில் அத்தகையோர் பலர், சீழ் வேர்க்குருவைக் கண்டால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு குரு பெரிய கட்டியாக அவர்களுக்கு நேரம் பிடிக்காது. படுக்கையில் கிடக்கும் முதியோரின் முதுகைத் தினமும் திருப்பிப் பார்த்துத் துடைத்து உலர்த்துங்கள்.

தொழுகை, நோன்பு, ஹஜ்ஜு

ஐவேளை ஒளுச் செய்கிறவருக்கு முகமும் கையும் காலும் நாளில் ஐந்து முறை குளிர்கின்றன. அத்தோடு ஒரு நிமிடம் கழுத்தையும் மார்பையும் நனைத்துத் துடைத்துக்கொண்டால் உடலுக்கும் நன்மை கிடைக்கும். வேர்க்குரு இருக்கிறதென்பதற்காகத் தண்ணீரைத் தவிர்க்க வேண்டியதில்லை. தண்ணீரே அதற்கு மருந்து.

அண்மைய ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெக்கை கூடும் காலம் அது. ரமலான் பசாரில் மாலை வெயிலில் கூடாரத்தின் கீழ் அடுப்பு மூட்டி நிற்கும் சகோதரர்கள், நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை நீரைப் பரவலாக அருந்த வேண்டும். தராவீஹுக்குப் போகுமுன் குளித்து, உலர்ந்த ஆடை மாற்றிக்கொள்வது தமக்கும் அருகில் நிற்பவருக்கும் நலம்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அவ்வாண்டு ஹாஜிகளில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இஹ்ராமில் இருக்கும்போது வெறும் நீரில் குளிக்கலாம், இஹ்ராம் துணியை மாற்றிக்கொள்ளலாம், குடை பிடிக்கலாம். வாசனையுள்ள பவுடரும் சோப்பும் கூடா. ஆகவே வாசனையற்றவற்றை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள். நடையில் தொடைகள் உரசிப் புண்ணாகும் இடத்தில் மட்டும் வாசனையற்ற வாஸ்லின் தடவலாம்; வேர்க்குரு உள்ள இடத்தில் தடவக் கூடாது. மேலும் ஐயமிருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

மருத்துவரிடம் எப்போது?

ஒரு வாரம் குளிர்ச்சியில் இருந்தும் குணம் தெரியாவிட்டால், காய்ச்சல் கண்டால், சீழும் வீக்கமும் வலியும் கூடினால், முதுகும் மார்பும் வேர்க்காமல் வறண்டு, வேலையில் தலைசுற்றல் வந்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

வெப்பத்தில் வேலை செய்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, நினைவிழந்தாலோ, உடல் நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 999 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

வானிலை இலாகாவின் அறிவிப்பையும் கவனியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் அது முதல் நிலை எச்சரிக்கை. 37 முதல் 40 வரை என்றால் வெப்ப அலை. பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 டிகிரி பதிவாகியிருக்கிறது. இந்நாட்டுக்கு அவ்வளவு வெயில் வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

முதலாளிமார்களுக்கு

இப்போது அந்த மருத்துவரின் கேள்விக்கு வருவோம். "இவர் இரவில் எங்கே படுக்கிறார்?"

கடைக்கு மேல்மாடியில், தகரக் கூரையின் கீழ், ஆறு பேர் படுக்கும் அறை. பகல் முழுதும் கூரையில் ஏறிய சூடு நள்ளிரவு வரை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். திருட்டுக்குப் பயந்து சன்னலைப் பூட்டியது நான். ஆறு பேருக்கும் ஒரே விசிறி, அதுவும் மூலையில். துவைத்த சட்டைகளும் அறைக்குள்ளேயே தொங்கும். அடுப்படியில் பன்னிரண்டு மணி நேரம் நனைந்த தோல், இரவிலும் உலர அங்கே வழியில்லை. பவுடர் என்ன செய்யும்? மருத்துவரிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

உழைப்பவனுக்கு அவன் வேர்வை உலருமுன் கூலி கொடுத்துவிட வேண்டும் என்பது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்து அந்தப் போதனையைக் காத்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. கூலி நேரத்தோடு போனது. வேர்வை உலரத்தான் இடம் கொடுக்கவில்லை. நம் கீழ் வேலை செய்பவர்கள் நம் சகோதரர்கள், அவர்களால் தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது என்பதும் அதே நாயகத்தின் போதனைதான்.

நாட்டின் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் எண் சட்டம், 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டங்களுக்கு மட்டுமன்றி எல்லாத் தொழில்களுக்கும் பொருந்துகிறது. கூட்டாகப் படுக்கும் கூடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டரும், மற்றத் தங்குமிடத்தில் படுக்கும் அறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டரும் இடம் வேண்டும். தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழும் வேண்டும். அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு நம் மேல்மாடி அறையை அளந்து பார்த்தால் பலருக்கு வெட்கமாக இருக்கும், எனக்கு இருந்தது.

செலவு பெரிதன்று. சன்னலுக்குக் கம்பி வலை அடித்துத் திறந்து வையுங்கள். இருவருக்கு ஒரு விசிறியாவது மாட்டுங்கள். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தாள் பொருத்துங்கள். துணி உலர்த்த அறைக்கு வெளியே கொடி கட்டுங்கள். ரொட்டிக் கல்லருகேயும் ஒரு விசிறி இருக்கட்டும். அடுப்பில் நிற்பவரை மணிக்கொரு முறை சிறிது நேரம் மாற்றிவிடுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் அடுப்பு வேலையைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். வேர்க்குரு வந்தவரை மேசை துடைக்கவும் கல்லாவில் உட்காரவும் மாற்றிப் போடுங்கள். அவர் தாமாக வந்து சொல்லமாட்டார். வேலை போய்விடுமோ என்று அஞ்சுவார். நாம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தம்பி ஒரு மாதம் கல்லாவுக்கு அருகில் இருந்து வேலை பார்த்தார். அறையையும் சீர்ப்படுத்தினோம். புதுத் தோல் வந்தது; முதுகு மீண்டும் வேர்த்தது. "முதலாளி, முதுகு வேர்க்குது!" என்று அவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்ன அன்று, வேர்ப்பதும் அல்லாஹ்வின் ஒரு ரஹ்மத்து என்பதை நான் உணர்ந்தேன்.

சகோதரர்களே, இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு கடையை அடைத்துக் கணக்கை முடித்தபின், நேரே வீட்டுக்குப் போய்விடாமல், உங்கள் சிப்பந்திகள் படுக்கும் அறைக்கு மாடியேறிச் செல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்திருங்கள். உங்கள் சட்டை நனைந்தால், என்ன செய்ய வேண்டும் என்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும், நம்மை நம்பி வந்தவர்களைப் பேணும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.